திரும்பி வந்த நோட்டீஸ், வராத ஃபீஸ், சொந்த ஆபீஸ்: ஒரு ஜூனியருக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் ஐயா. டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊரில் வக்கீலாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் வக்கீல். சிவில் பார்க்கும் சீனியர் ஒருவரிடம் மூன்றரை வருஷமாக ஜூனியர். மாதம் ஐயாயிரம் தருகிறார், வேலையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். வீட்டிலோ, ‘இன்னும் எத்தனை நாள் அடுத்தவர் ஆபீஸ்? தை பிறந்ததும் சொந்தமாகப் போர்டு மாட்டு’ என்கிறார்கள். எனக்குக் கோர்ட்டில் எழுந்து நின்றாலே குரல் நடுங்குகிறது.

இதற்கிடையில் தாய்மாமா மூலமாக ஒரு செக் கேஸ், அதாவது வங்கியில் பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கு, எனக்கென்றே வந்திருக்கிறது. சீனியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். பணத்தைக் கேட்டு எதிரிக்குக் கெடுவுக்குள் நோட்டீஸ் அனுப்பினேன். கதவு பூட்டியிருந்தது, தகவல் கொடுக்கப்பட்டது என்ற குறிப்போடு கவர் திரும்பிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு வைப்பது என்று குழப்பமாக இருக்கிறது. கட்சிக்காரர், ‘இப்போ ஃபீஸ் கேட்காதம்மா, பணம் வந்ததும் பத்தில் இரண்டு பங்கு உனக்கு’ என்கிறார். வாடகை வழக்கு ஒன்றின் கட்சிக்காரர், மனு எழுதியதற்கு ஒரு ரூபாய்கூடத் தராமல் வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்கிறார். தரமாட்டேன் என்று சொல்லலாமா? நான் தனியாகப் போகத் தயாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

— ஒரு ஜூனியர் வழக்கறிஞர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது கடைசிக் கேள்விக்கான பதிலை. ஆனால் நடுவில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் திரும்பி வந்த கவர், அதை முதலில் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும். அது பொறுக்காது.

கவரைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்பு, முத்திரை, தேதி எல்லாம் இருக்கிறபடியே ஆவணமாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியது அது. அஞ்சல் துறையின் டிராக்கிங் பக்கத்தை இன்றைக்கே அச்செடுத்துக் கட்டில் வையுங்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போதும் அந்த விவரம் இணையத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அச்செடுத்தது மின்னணுப் பதிவு என்பதால், கூடவே புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் வேண்டும். கல்லூரியில் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி என்று படித்திருப்பீர்கள், அதன் இடத்தில் வந்தது இது.

இனி கணக்கு. சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவு செய்து அனுப்பிய நோட்டீஸ் எதிரிக்குக் கிடைத்ததாகவே கருதலாம் என்பதற்குப் பொது உட்பிரிவுகள் சட்டம் பிரிவு 27 இருக்கிறது. காசோலை வழக்குக்கு அது பொருந்தும் என்று 2007-இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. எனக்கு நோட்டீஸே வரவில்லை என்று சொல்கிற எதிரி, சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாமே என்று அதே தீர்ப்பு கேட்கிறது. ஆகவே, கவர் திரும்பியதால் வழக்கு போய்விடாது. ஆனால் முகவரி சரியானது என்று காட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். கடன் பத்திரமோ, முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தோ, எதிரி அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று காட்டும் எதுவாக இருந்தாலும் சரி.

உங்கள் குழப்பம் நியாயமானதுதான். நோட்டீஸ் ‘கிடைத்த’ நாள் எது? தகவல் கொடுத்த நாளா, கவர் திரும்பிய நாளா? நான் ஜூனியர்களுக்குச் சொல்வது இது: இரண்டு தேதிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள், இரண்டுக்கும் பொருந்துகிற நாளில் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். உங்கள் கட்டில் உள்ள தேதிகளை நீங்கள் எழுதவில்லை. அதனால் 2025-ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

காசோலை திரும்பியதற்கு வங்கி தருகிற ரிட்டர்ன் மெமோ மார்ச் 3-ஆம் தேதி கைக்கு வந்தது. அந்த நாளைக் கழித்துவிட்டு 30 நாள் எண்ணினால் ஏப்ரல் 2 வரை நோட்டீஸ் அனுப்பலாம். மார்ச் 20 அன்று அனுப்பினீர்கள். 24-ஆம் தேதி தபால்காரர் கதவு பூட்டியிருக்கக் கண்டு தகவல் கொடுத்தார். ஏப்ரல் 2-இல் கவர் உங்களிடம் திரும்பியது. மார்ச் 24-ஐக் கிடைத்த நாளாக எடுத்தால் எதிரியின் 15 நாள் அவகாசம் ஏப்ரல் 8-இல் முடிகிறது. 9-ஆம் தேதி வழக்கு மூலம், அதாவது புகார் போடும் உரிமை, எழுகிறது. அந்த நாளைக் கழித்து ஒரு மாதம் என்றால் மே 9 கடைசி நாள். ஏப்ரல் 2-ஐ எடுத்தால் அவகாசம் ஏப்ரல் 17 வரை. 18-ஆம் தேதிக்கு முன் போட்ட புகார் முன்கூட்டியே போட்டது என்று எதிர்தரப்பு சொல்லும். 15 நாள் முடியுமுன் போட்ட புகார் நிற்காது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, ஏப்ரல் 18-இலிருந்து மே 9-க்குள் போட்டால் எந்தத் தேதியை யார் பிடித்துத் தொங்கினாலும் உங்கள் புகார் நிற்கும். 18 அந்த வருஷம் புனித வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. 21 திங்கட்கிழமை காலை போட்டுவிட வேண்டியதுதான். கடைசி நாள் வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இதில் சிவில் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. மே மாதம் நம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. கெடு விடுமுறைக்குள் முடிந்தால் ஜூனில் திறக்கிற அன்று தாக்கல் செய்து நமக்குப் பழக்கம். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அந்த விடுமுறை கிடையாது. செக் கேஸ் அங்கேதான் போகிறது. மே 9 என்றால் மே 9-தான். தவறினால் செக் கேஸுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 142-இன் கீழ் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், போதுமான காரணம் இருந்தால் ஏற்பார்கள். ஆனால் நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் மன்னிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. காசோலையின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். அதுவும் முடிந்திருந்தால் சிவிலில் பண வசூல் வழக்குதான்.

தாக்கல் செய்யுமுன் இன்னும் இரண்டைப் பாருங்கள். உங்கள் கட்சிக்காரருக்கு எந்தக் கிளையில் கணக்கு இருக்கிறது? 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய காசோலை என்றால் அந்தக் கிளை இருக்கிற ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். கணக்கு தஞ்சாவூரில் இருக்க, வீடு இருக்கிற ஊரில் புகார் போட்டுவிட்டு அலைகிறவர்களைப் பார்க்கிறோம். அடுத்தது, நோட்டீஸில் கேட்ட தொகையும் காசோலைத் தொகையும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2025 செப்டம்பரில்கூட உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் நோட்டீஸில் பிழை இருந்து, 30 நாளில் இன்னும் மிச்சம் இருந்தால், இன்றைக்கே சரியான நோட்டீஸ் ஒன்று போகட்டும். அதே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பில், காசோலைப் புகாரின் முகப்பில் விவரச் சுருக்கம் ஒன்று வைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்திருக்கிறார்கள். மாதிரி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பழைய புகாரை எடுத்துப் பெயரை மாற்றி அடிக்கிற பழக்கம் உங்கள் ஊர் டைப்பிங் சென்டரில் இருந்தால், அதைத் தாண்டி நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அப்புறம், கட்சிக்காரரை ஒரு மாலை முழுக்க உட்காரவைத்துப் பேசுங்கள், தாய்மாமா பக்கத்தில் இல்லாமல். இத்தனை லட்சம் உங்களிடம் எங்கிருந்து வந்தது? எப்படிக் கொடுத்தீர்கள், ரொக்கமா, வங்கி வழியாகவா? யார் இருந்தார்கள்? காசோலையில் எழுத்து யாருடையது? வெற்றுக் காசோலையாக வாங்கி வைத்திருந்தீர்களா? வட்டி வாங்கினீர்களா? எதிரி இடையில் ஏதாவது திருப்பிக் கொடுத்தாரா? இதெல்லாம் குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்விகள். காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்கிற பிரிவு 139-இன் அனுமானம் நமக்குச் சாதகம்தான். ஆனால் கடன் கொடுக்க வசதியே இல்லாதவர் என்று எதிரி சந்தேகத்தை எழுப்பிவிட்டால், வசதி இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டி வரும். கோர்ட்டில் முதல்முறையாக அந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் திகைக்கக் கூடாது. பதில் பிடிக்காததாக இருந்தால், வழக்கின் பலவீனம் இது என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டாயம் ஜெயிக்கும் என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம்.

இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், தனியாகப் போகத் தயாரா என்ற உங்கள் கேள்விக்கான பதில் இந்தக் கவரில்தான் இருக்கிறது. நம் தொழிலில் ஒருவர் நன்றாக வாதாடவில்லை என்பதற்காக ஒரு கட்சிக்காரரின் வாழ்க்கை கெட்டுப்போனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தேதி தவறியதால் கெட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரதிவாதி தர வேண்டிய எதிருரையைப் போடாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆனது, எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போடாதது, மேல்முறையீட்டுக் கெடு முடிந்து எண்ணூறு நாள் தாமதம் என்று மனு எழுதுவது. வீடு போகும், நிலம் போகும். அந்தக் குடும்பம் உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்போது நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. வக்கீல் சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியது உண்மைதான். வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-இன் கீழ் பார் கவுன்சிலுக்குப் புகார் போவதை அது தடுக்காது. ஒரு தாலுகா ஊரில் பேர் கெடுவதையும் தடுக்காது.

சீனியர் ஆபீஸில் இருக்கிறவரை கெடுவைச் சுமக்கிறவர் அவரும் அவருடைய குமாஸ்தாவும். நீங்கள் வாய்தாவுக்குப் போகிறீர்கள், மனு எழுதுகிறீர்கள், சில சாட்சிகளை விசாரித்தும் இருப்பீர்கள். ஆனால் ராத்திரி படுக்கும்போது இந்தக் கட்டுக்கு நாளைக் கெடு முடிகிறதே என்று யாருக்கு நினைவு வருகிறது? அது உங்களுக்கு வரத் தொடங்கினால் நீங்கள் தயார். இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சீனியர் ஆபீஸில் ஓடுகிற கட்டுகளில் பதினைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவைக் கேட்காமல், ஒவ்வொன்றிலும் அடுத்து நாம் செய்ய வேண்டியது என்ன, அதற்குக் கடைசி நாள் எது என்று எழுதுங்கள். பிறகு சீனியரிடம் காட்டுங்கள்.

டைரி எல்லோரும் வைத்திருக்கிறோம். முன் வாய்தா, இன்றைய நிலை, அடுத்த வாய்தா. அது கோர்ட் கொடுக்கிற தேதி. சட்டம் கொடுக்கிற தேதிக்குத் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள், கெடு நோட்டு என்று பேர் வையுங்கள். சம்மன் கிடைத்த நாளிலிருந்து எதிருரைக்கு 30 நாள், அனுமதியோடு 90 வரை. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30, உயர் நீதிமன்றம் என்றால் 90. வாதி வராமல் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க 30. ஒவ்வொரு கெடுவுக்கும் பத்து நாள் முன்னதாக ஒரு தேதி போட்டு, அதையே உங்கள் உண்மையான கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுப் போடுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும். நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் காலவரையறைச் சட்டம் பிரிவு 12 கழித்துக் கொடுக்கிறது. ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான் அந்தக் கழிவு தொடங்கும். நகலுக்கான முத்திரை கேட்ட தேதி, முத்திரை கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் நகலின் பின்பக்கம் இருக்கும். முத்திரை கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்டதை நீங்கள் கவனிக்காமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான் சேரும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க எண்ணைப் போட்டு வைப்பது நல்லது. அதை மட்டும் நம்பி வாய்தாவை விட்டுவிடாதீர்கள். தேதி மாறிப் பதிவாவது உண்டு, பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செக் கேஸில் இன்னும் கவனம் வேண்டும். புகார்தாரர் வராமல் போனால் எதிரியை விடுதலை செய்யும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. உங்களுக்கு அதே நேரத்தில் வேறு கோர்ட்டில் வேலை இருந்தால் நண்பர் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். பேர் கூப்பிடும்போது உங்கள் தரப்பில் யாருமே இல்லை என்ற நிலை வரக் கூடாது.

வாய்தா முடிந்த அன்று மாலையே கட்சிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். இன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, அவர் வரவேண்டுமா வேண்டாமா. பார் கவுன்சில் விதி 36-இன்படி நாம் விளம்பரம் செய்யக் கூடாது. போர்டுகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரியைப் படித்த கட்சிக்காரர் அடுத்தவரிடம் உங்கள் பேரைச் சொல்வார். சின்ன ஊரில் கட்டுகள் அப்படித்தான் வருகின்றன.

சரி, ஃபீஸ். பத்தில் இரண்டு பங்கு வேண்டவே வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது. தெரியாமல் பேசினேன் என்று பிறகு சொல்ல முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பங்கு பேசிய நாளிலிருந்து நீங்கள் வக்கீல் இல்லை, அந்தக் கடனில் ஒரு பாகஸ்தர். எதிரி சமாதானத்துக்கு வந்து பாதித் தொகை தருகிறேன் என்றால், கட்சிக்காரருக்கு நல்லது எது என்று உங்களால் சுத்தமாக யோசிக்க முடியாது. ‘ஐயா, விதி அனுமதிக்காது, என் வக்கீல் சன்னதுக்கே ஆபத்து’ என்று நேராகச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தாய்மாமா கோபித்துக்கொண்டால் அம்மாவிடம் சொல்லிச் சமாளியுங்கள்.

அவரிடம் இப்போது பணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் கட்டம் கட்டமாக வாங்குங்கள். நோட்டீஸுக்கு இவ்வளவு, புகார் தயாரித்துத் தாக்கல் செய்ய இவ்வளவு, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை முடியும்போது இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. முத்திரை, தபால், நகல் செலவு தனி, அதை ஒருபோதும் உங்கள் கையிலிருந்து போடாதீர்கள். இதை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தோடு கட்டில் வையுங்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். உறவினர் மூலம் வந்தவரிடம் ரசீது எதற்கு என்று தோன்றும். உறவினர் மூலம் வந்தவரிடம்தான் அது மிகவும் தேவை. சமரசம் ஆகிப் பணம் வந்தால் அது நேராகக் கட்சிக்காரர் கணக்குக்குப் போகட்டும். உங்கள் கணக்கில் ஒரு நாள்கூட நிற்க வேண்டாம்.

வாடகை வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனசு கசக்கும், தெரியும். எழுதிய உழைப்புக்குக் கூலி வராதது அநியாயம்தான். ஆனால் ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கட்டைக் கொடுக்க மறுப்பது தொழில் ஒழுங்கீனம். என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, அசல் எது, நகல் எது என்று குறித்து, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கு ஒரு நகல் செட் வைத்துக்கொள்ளுங்கள். புது வக்கீல் வக்காலத்துப் போட உங்கள் சம்மதம் கேட்டு வந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாக்கிக்கு முறையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். வரும், வராமலும் போகும். ஒன்று செய்யுங்கள், இனி அசல் ஆவணத்தைத் தேவைக்கு முன்னால் வாங்கி வைக்காதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்கிற அன்று வாங்கினால் போதும். கிரயப் பத்திரம் உங்கள் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் கவலை.

குரல் நடுங்குவது பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நான் பயப்படவில்லை. கட்டை முழுக்கப் படித்தவருக்கும் நடுங்கும், படிக்காதவருக்கும் நடுங்கும். வித்தியாசம் என்னவென்றால், படித்தவரிடம் நீதிபதி கேள்வி கேட்டதும் பதில் வந்துவிடும், நடுக்கமும் அதோடு நின்றுவிடும். எழுந்து நிற்கும்போது கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். ஒரு பக்கம் தேதிவாரியாக நிகழ்வுகள், மறுபக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆவண எண். நீதிபதி எதைக் கேட்டாலும் அந்தத் தாளில் விரல் வைத்துச் சொல்லலாம். தமிழில் பேசுங்கள். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியம் தேடும் நேரத்தில்தான் பாதிப் பேருக்குக் குரல் உடைகிறது. குறுக்கு விசாரணைக் கேள்விகளை முந்தின நாளே எழுதிவையுங்கள். நம் தரப்புக் கதை என்னவோ அது ஒவ்வொரு அம்சமாகச் சாட்சியிடம் கேட்கப்பட்டதா என்று உட்காருமுன் சரிபாருங்கள். கேட்காமல் விட்டதை நாம் ஒப்புக்கொண்டதாகவே எதிர்தரப்பு வாதத்தில் எடுத்துக்கொள்ளும். சாட்சியை அதட்டுவது, கையை ஓங்குவது எல்லாம் தேவையே இல்லை. உங்கள் சுபாவத்துக்கு அமைதியான கேள்விதான் பொருந்தும்.

தைக்குப் போர்டு மாட்டுவதைப் பற்றி என் கருத்து: வேண்டாம். அடுத்த கோடை விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறக்கும்போது மாட்டுங்கள். அதுவரை சீனியரின் அனுமதியோடு இப்போது எடுத்ததைப் போல நான்கைந்து கட்டுகளை உங்கள் பேரிலேயே வக்காலத்துப் போட்டு நடத்துங்கள். வீட்டு வாடகை, ஆபீஸ் வாடகை, உங்கள் செலவு என்று ஆறு மாதத்துக்கானதைச் சேர்த்து வைக்க இந்த இடைவெளி உதவும். கையில் பணம் இல்லாமல் தனியாகப் போனால் வரக்கூடாத கட்டும் வரும், அதை வேண்டாம் என்று சொல்லும் தெம்பும் இருக்காது. ஆபீஸுக்குத் தனி அறை உடனே தேவையில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால்கூடப் போதும், கட்சிக்காரர் வந்தால் உட்கார நாற்காலியும், கட்டுகளைப் பூட்டி வைக்க ஒரு அலமாரியும் இருந்தால் சரி.

பிரிந்துபோவதை உங்கள் சீனியர் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவருடைய கட்சிக்காரர் யாரையும் கூப்பிடாதீர்கள், அவராகவே தேடி வந்தாலும் சீனியரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விதி 39 இருக்கிறது, அதைவிட உங்களுக்குள் உள்ள மரியாதை இருக்கிறது. நீங்கள் பார்த்த கட்டுகள் ஒவ்வொன்றின் நிலையையும் எழுதி ஒப்படையுங்கள். பாதி விசாரணையில் நிற்கிற சாட்சி இருந்தால் அதை முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாத ஐயாயிரம் பற்றி நீங்கள் குறையாக எழுதவில்லை. ஆனால் நான் சொல்ல வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டே இந்திய பார் கவுன்சிலும் கிட்டத்தட்ட அதே தொகையைப் பரிந்துரைத்தது. தாலுகா ஊர்களில் அது ஜூனியர் கைக்கு வந்ததாக நான் அதிகம் கேள்விப்படவில்லை, சீனியர்களில் பலருக்கே வருமானம் அவ்வளவுதான். இருந்தாலும் இந்த எட்டு, ஒன்பது மாதத்துக்காவது கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பொறுமையாகச் சொல்லித் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் கேட்கலாம்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இலவச சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேரப் பொதுவாக மூன்று வருஷ அனுபவம் எதிர்பார்ப்பார்கள், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. அதில் தருகிற படித்தொகை அதிகம் இல்லை. ஆனால் ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, ஜாமீன், பாகப்பிரிவினை என்று பலவிதமான கட்டுகள் உங்கள் பேரிலேயே வரும், யாரும் பக்கத்தில் இல்லாமல் எழுந்து நின்று நடத்த வேண்டியிருக்கும். பெண் வக்கீல் வேண்டும் என்று கேட்டு வருகிற பெண்கள் உங்கள் தாலுகாவில் நிச்சயம் இருப்பார்கள். உங்கள் கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பதிவுச் சான்றிதழ், அகில இந்திய பார் தேர்வில் தேறிய சான்றிதழ் இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போய், அடுத்த பட்டியலுக்கு எப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.